பேசாமடந்தை வாய் திறந்த நாள்

சபையில் அவளுக்குப் பெயர் பேசாமடந்தை. இதை வீட்டில் சொன்னால் அவள் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். "எங்கக்காவா? வாயைத் திறந்தா மூடறதுக்கு ஆள் தேடணுமே!" என்பான். அவன் சொல்வதிலும் பொய்யில்லை. முப்பத்திரண்டு வருடமாக நகர சபைக் கூட்டத்தில் வாயைக் கட்டிப்போட்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தி வீட்டுக்கு வந்தாவது பேசித் தீர்க்க வேண்டாமா?

அவள் வேலை இதுதான்: சபையில் யார் என்ன பேசினாலும் அதைச் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும், பிறகு தட்டச்சு செய்ய வேண்டும். அவைக்குறிப்புப் பிரிவு என்று பெயர். மொத்தம் ஆறு பேர். தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை. அங்கே உட்காருகிறவர் பத்து நிமிடம் எழுதுவார். பத்தாவது நிமிடம் அடுத்தவர் வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, அவர் தோளைத் தொட்டுவிட்டு எழுதத் தொடங்குவார். அந்த நேரத்தில் பேசப்படுகிற வாக்கியம் இரண்டு பேர் நோட்டிலும் இருக்கும். ஒரு சொல்கூடக் கீழே சிந்திவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. எழுதி முடித்தவர் இருபத்திரண்டு படி ஏறி மாடி அறைக்குப் போய்த் தட்டச்சில் உட்காருவார். அந்த அறையின் மூன்று சுவர்களிலும் சிவப்பு அட்டை போட்ட தொகுதிகள். ஊரில் யார் எந்த வருடம் என்ன வாக்குக் கொடுத்தார், எதை மறுத்தார் என்பதெல்லாம் அங்கேதான் கிடந்தது.

மேசையில் இருப்பவர் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, இருமலைக்கூட முழுங்க வேண்டும். ஒருமுறை ஓர் உறுப்பினர் ஆவேசமாகப் பேசிய வேகத்தில் அவருடைய பல்செட் கழன்று மேசைமேல் விழுந்தது. சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அவள் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள். பேசாமடந்தை என்ற பெயர் அன்றைக்கு வந்ததுதான்.

அந்தப் பிரிவில் ஒரு பழைய விதி உண்டு. யாராவது தகாததைப் பேசினால் "அதை நீக்குங்கள்" என்று தலைவர் ஆணையிடலாம். ஆனால் எழுதியவர் எழுந்து நின்று, நோட்டைப் பார்த்து, நீக்க வேண்டிய சொற்களைச் சபையிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். "எங்கே தொடங்கி எங்கே முடிய?" என்று கேட்க வேண்டும். தலைவர் சொன்ன பிறகுதான் கோடு விழும். எந்தக் காலத்திலோ தப்பான வரியை அடித்துவிட்டு வழக்கு வரைக்கும் போனதில் வந்த விதி அது. வாசிக்கும்போது குரலில் ஏற்றமும் கூடாது, இறக்கமும் கூடாது. வசவாக இருந்தாலும் தட்டையாக வாசிக்க வேண்டும். அந்தத் தட்டைக் குரலில் அவளை மிஞ்ச ஆளில்லை.

பத்தொன்பது வயதில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் சுருக்கெழுத்துக் கற்றாள். அன்றிலிருந்து அவள் வலது கை அவள் பேச்சைக் கேட்பதில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் இரண்டு பேர் குடும்பக் கதை பேசினால் ஆள்காட்டி விரல் மடியில் ஓடும். கல்யாண வீட்டில் சம்பந்திகள் முறுக்கிக்கொண்டால் விரல் நாற்காலிக் கையில் ஓடும். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர், நல்ல மனிதர். "உன்கூட மனுஷன் சண்டை போட முடியுமா? போன வாரம் நான் சொன்னதை இன்னைக்கு அப்படியே ஒப்பிக்கிறியே" என்று கையெடுத்துக் கும்பிடுவார். ஆறு வருடத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்த அன்று, வந்தவர்கள் சொன்ன ஆறுதலையெல்லாம் அந்த விரல் தரையில் எழுதிக்கொண்டே இருந்தது. நிறுத்த அவளால் முடியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் சிக்கன சிகாமணி குறுக்கே வந்தார்.

பதினாலு வருடமாக உறுப்பினர். இந்த வருடம் செலவுக் குறைப்புக் குழுவுக்குத் தலைவர். சிக்கன சிகாமணி என்பது மற்ற உறுப்பினர்கள் கேலியாக வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். "ஆள் குண்டானா ஆஸ்பத்திரி, அரசாங்கம் குண்டானா திவால்" என்பது அவருடைய வாய்ப்பாடு. ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்: "நீங்க இல்லைன்னா இங்க என்ன நின்னுபோகும்?"

கேள்வியில் தப்பில்லை. அவளே பல வருடம் கேட்க நினைத்த கேள்விதான். சபைக் கோபுரத்தில் ஒரு கடிகாரம். பதினோரு வருடமாக நாலு மணி பத்து நிமிடத்தில் நிற்கிறது. அதற்குச் சாவி கொடுக்க மாதச் சம்பளத்தில் ஓர் ஆள். அவரிடமும் சிகாமணி கேட்டார், நீங்க இல்லைன்னா என்ன நின்னுபோகும்? அந்த மனிதர் கூச்சமே இல்லாமல் "கடிகாரம் நின்னுபோகுங்க" என்றார். சிகாமணி குறித்துக்கொண்டு நகர்ந்தார். பட்டியல் வந்தபோது நூலகத்துக்கு இரண்டு நாள் குறைந்திருந்தது, பூங்காக் காவலாளி போயிருந்தார், அவைக்குறிப்புப் பிரிவு முழுதாகப் போயிருந்தது. கடிகாரக்காரர் இருந்தார். பாரம்பரியமாம். அவர் சபைத் தலைவரின் மைத்துனர் என்பது வேறு விஷயம்!

அவர்கள் அறைக்குச் சிகாமணி வந்தபோது அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. படியேறிய மூச்சு இரைக்க வாசலில் நின்று, தொகுதிகளை மேலும் கீழும் பார்த்து, "முடிவு மட்டும் இருந்தாப் போதாதா? பேசினதெல்லாம் எதுக்கு?" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப்போனார்.

அதை அவளால் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த மனிதர் அதே படியை ஒன்பது வருடத்துக்கு முன் ஓடி ஏறி வந்தவர். தேர்தல் நேரம். சந்தைத் தெருக் கடைகளை இடிக்கச் சொன்னது சிகாமணிதான் என்று எதிராளி ஊரெல்லாம் துண்டறிக்கை அடித்துவிட்டான். கடைக்காரர்கள் அவரை வீட்டுக்கே வந்து திட்டினார்கள். வியர்வையில் சட்டை ஒட்ட வந்து நின்று, "அம்மா, நான் அப்படிச் சொல்லலை. எப்படியாவது தேடிக் குடுங்க" என்று கெஞ்சினார். நாலே நிமிடத்தில் அவள் பக்கத்தை எடுத்துக் கொடுத்தாள். இடிக்கச் சொன்னது வேறொருவர்; இவர் சொன்னது "இடிக்கக் கூடாது". அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சுவர் சுவராக ஒட்டித்தான் ஜெயித்தார். ஜெயித்த கையோடு சபையில் எழுந்து, "இந்தப் பிரிவு இல்லையென்றால் நான் இல்லை. நாலு பேர் போதாது, இன்னும் இரண்டு பேரைப் போடுங்கள்" என்று தானே தீர்மானம் கொண்டுவந்தார். அந்தப் பேச்சையும் அவள்தான் எடுத்தாள். அப்படி வந்த இரண்டு பேரில் ஒருத்திதான் எட்டு வருடமாகியும் 'புதுசு' என்றே கூப்பிடப்படுகிற ஒப்பந்த ஊழியை. இரண்டு பிள்ளைகளும் முதுகு வலிக்காரக் கணவனும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ஏணியில் தொங்குகிறவளையும் சேர்த்து உதைத்தால் என்ன செய்வது?

தம்பிக்கு டயர் கடை. அவள் வீட்டு மாடியில் குடியிருந்தான். பட்டியல் வந்த அன்று சாயங்காலம், கையில் இருந்த கரியைத் துடைத்துக்கொண்டே அவளோடு வாதத்துக்கு நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதே. வரி கட்டற எனக்குத்தான் வலி தெரியும். என் கடையில நாலு பேர் செய்யற வேலையை உங்க ஆபீஸ்ல நாப்பது பேர் செய்யறாங்க. குறைக்கட்டுமே."

"குறைக்கட்டும்டா. நான் வேண்டாம்னேனா? ஆணையருக்கு மூணு கார் எதுக்கு? என்கிட்ட கேட்டா நானே பட்டியல் தருவேன். ஊசி போற இடத்தைப் பாக்கறவன் உலக்கை போற இடத்தைப் பாக்க மாட்டேங்கறானே, அதைத்தான் கேக்கறேன்."

"பேசினதை எழுத ஆறு பேரா? ஒரு மிஷினை வெச்சா போச்சு."

"வெச்சாங்க. நாலு வருஷம் முன்னாடி. நாலு பேர் ஒரே நேரத்துல கத்தினா அதுக்கு எது யார் குரல்னு தெரியலை. ஃபேன் சத்தமும் மேசையைத் தட்டற சத்தமும்தான் சுத்தமா பதிவாச்சு. கடைசியில அதைக் கேட்டு எழுத எங்களையே கூப்பிட்டாங்க."

தம்பி சிரித்துவிட்டான். "சரி, உனக்கென்ன நஷ்டம்? உன்னை வரி கவுன்டர்ல போடுவாங்க. மூணு வருஷம் ஓட்டினா ஓய்வு."

"எனக்கு ஒண்ணும் இல்லை. புதுசு எங்கடா போவா? அது ஒரு பக்கம். நாளைக்கு ஒருத்தன் எழுந்து, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னா, சொன்னேடான்னு காட்ட என்ன இருக்கும்? உன் தெருவுக்குச் சாக்கடை போடறேன்னு போன வருஷம் சொன்னாங்களே, அதை எதை வெச்சுக் கேப்பே?"

தம்பி கரித்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். கிளம்பும்போது, "கூட்டத்துல வாயை மட்டும் திறந்துடாதே" என்றான்.

தீர்மானம் வந்த நாளில் பார்வையாளர் வரிசை நிரம்பியிருந்தது. முதலில் எதிர்த்துப் பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "செலவைக் குறைக்க நானும் தயார். ஆனால் நாம் பேசியதற்கு நாமே பொறுப்பேற்க மாட்டோம் என்பது சிக்கனமா, தப்பித்தலா?" என்று கேட்டார். சிலர் மேசையைத் தட்டினார்கள். புதுசு அதை எழுதி முடிக்க, பேசாமடந்தை போய் உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டாள். புதுசு மாடிக்குப் போகாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

சிகாமணி பதில் சொல்ல எழுந்தார். வரி, கடன், பக்கத்து ஊர்க் கணக்கு என்று நன்றாகத்தான் பேசினார். அவள் பென்சில் வழக்கம்போல ஓடியது. அப்புறம் டீச்சரம்மா பக்கம் திரும்பி, "இந்தப் பிரிவை ஊதிப் பெருக்க வைத்தது யார்? ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே சபையில் இரண்டு பதவிகளைக் கூட்டினார்களே, அன்றைக்கே நான் எதிர்த்தேன்!" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். மறைப்பதை மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து எழுதுவது அன்றைக்குத்தான். பென்சில் 'எதிர்த்தேன்' வரைக்கும் எழுதியது. முப்பத்திரண்டு வருடம் முழுங்கிய இருமலெல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்ததுபோல அவள் வாய் தானாகத் திறந்தது.

"பொய்! நீங்கதான் கேட்டீங்க. இதே இடத்துல நின்னு, இந்தப் பிரிவு இல்லைன்னா நான் இல்லைன்னு சொன்னீங்க. என் கையாலதான் எழுதினேன்."

சுவர் பேசியிருந்தால்கூட உறுப்பினர்கள் அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்கள். பார்வையாளர் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். தலைவர் மேசையை ஓங்கித் தட்டினார்.

"ஊழியர் சபையில பேசக் கூடாது! அது எதுவும் குறிப்புல வரக் கூடாது. நீக்குங்க!"

டீச்சரம்மா எழுந்தார். "தலைவரே, நீக்கணும்னா முதல்ல வாசிச்சுக் காட்டணும். விதி அப்படி."

"எழுதியிருந்தாத்தானே வாசிக்க? பேசினது அந்த அம்மாவே. அவங்க பேசும்போது வேற யார் எழுதினா?" என்று தலைவர் சிரித்தார். பார்வையாளர் வரிசையிலும் சிலர் சிரித்தார்கள்.

அவள் குனிந்து நோட்டைப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. 'எதிர்த்தேன்' என்ற சொல்லுக்கு அடுத்த வரியில், 'பொய்' என்பதிலிருந்து 'எழுதினேன்' வரைக்கும், ஒரு சொல் விடாமல். வாய் கத்திக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு அதன் வேலையைச் செய்திருக்கிறது. சபையில் குரல் கேட்டால் எழுத வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரியும். யார் குரல் என்று அது பார்க்கவில்லை.

"எழுதியிருக்குங்க" என்றாள்.

எழுந்து நின்று வாசித்தாள். உறுப்பினர் பேசிய கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கினாள்; அதுதான் முறை. அன்றைக்கே நான் எதிர்த்தேன். பொய். நீங்கதான் கேட்டீங்க. ஏற்றமில்லை, இறக்கமில்லை. முதல்முறை கத்தியபோது கோபமாகத் தெரிந்தது, இந்தத் தட்டைக் குரலில் சாட்சியம்போல இருந்தது. பார்வையாளர் வரிசையில் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"எங்கே தொடங்கி எங்கே முடியங்க?" என்று கேட்டாள்.

"உங்க பேச்சு மட்டும்" என்றார் தலைவர். "உறுப்பினர் பேசினது அப்படியே இருக்கட்டும்."

சிகாமணி மார்பை நிமிர்த்திக்கொண்டார். "ஆமாம். என் பேச்சில் ஓர் எழுத்துக்கூடக் குறையக் கூடாது!"

அதையும் எழுதினாள். தன் சொற்கள்மேல் தானே கோடு போட்டாள். வாக்கெடுப்பில் தீர்மானத்துக்கு ஆதரவு பத்தொன்பது, எதிர்ப்பு பதினாறு. இந்த மாதம் முப்பதாம் தேதியோடு பிரிவு மூடப்படும் என்று முடிவானது. பத்தொன்பது கைகள் தூக்கியதை எண்ணி எழுதியதும் அவள்தான். புதுசு சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. அவள் ஒரே வரியில் பதில் கொடுத்தாள்: "பேசியது உண்மை."

ஆனால் டீச்சரம்மா சும்மா இருக்கவில்லை. சிகாமணி இரண்டு பேரைக் கேட்டுப் பேசிய ஒன்பது வருடத்துப் பழைய பக்கத்தை நகலெடுத்துச் சந்தைத் தெரு முழுக்க ஒட்டிவிட்டார். கீழே கையால் எழுதியிருந்தார்: "அன்றைக்கே எதிர்த்தாராம். அவைக்குறிப்பின் புதிய தொகுதி வரட்டும், இரண்டையும் சேர்த்துப் படிப்போம்." அடுத்த வருடம் தேர்தல்.

இருபத்தேழாம் தேதி மத்தியானம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவளும் புதுசும் தொகுதிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிகாமணி வாசலில் நின்றார். அதே மூச்சிரைப்பு. இந்த முறை முகத்தைப் பார்த்தார்.

"சௌக்கியமாம்மா? ஒண்ணுமில்லை, என் பேச்சோட சரிபார்ப்புப் படியைப் பாத்துட்டுப் போலாம்னு…"

எடுத்துக் கொடுத்தாள். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் விரல் நேராக அந்த வரிக்குப் போனது.

"வேகத்துல வாய் தவறிடுச்சு. இந்த 'எதிர்த்தேன்'ங்கறதை 'ஆதரித்தேன்'னு மாத்திடுங்களேன்."

"தேதி தவறினா, பேர் தவறினா மாத்தலாங்க. இது அப்படி இல்லையே."

"சரிம்மா, மாத்த வேண்டாம். அந்த ஒரு வரியை எடுத்துடுங்க."

திட்ட வேண்டும் என்றுதான் நாக்கு துடித்தது. எத்தனையோ நாளாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் இருந்தன. ஆனால் வெளியே வந்தது பழகிய தட்டைக் குரல்தான். "எடுக்கணும்னா சபையில வாசிச்சுக் காட்டணும். தலைவர் ஆணை போடணும்."

"அதுக்கென்ன, அடுத்த கூட்டத்துல வாசிச்சுடுங்க. தலைவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"அடுத்த கூட்டம் அஞ்சாம் தேதிங்க. எங்க பிரிவு முப்பதோட முடியுது."

புதுசின் கையில் கயிறு அப்படியே நின்றது.

"வேற யாராவது வாசிக்கட்டுமே."

"நோட்டைப் பார்த்துத்தான் வாசிக்கணுங்க. சுருக்கெழுத்து தெரிஞ்சவங்க சபையில ஆறு பேர்தாங்க. அந்த ஆறு பேரையும்தான் நீங்க வேண்டாம்னுட்டீங்க."

"அப்போ இது… இப்படியேவா இருக்கும்?"

"இப்படியேதாங்க இருக்கும். நீங்க கேட்டதும் அதைத்தானே. ஓர் எழுத்துக்கூடக் குறையக் கூடாதுன்னு. அடுத்த பக்கத்துல இருக்கு, பாருங்க."

அவர் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். தவளை தன் வாயால் கெடும் என்பதைத் தவளையே படித்துத் தெரிந்துகொள்வதை அவள் நின்று பார்த்தாள். பெரிய சந்தோஷம் வரவில்லை. அவர் அந்த ஒரு வரியைப் பற்றிக் கவலைப்பட்டார். பக்கத்தில் கயிற்றோடு நிற்கிறவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் பிரிவை நீட்டிச்சா என்ன?" என்றார் மெதுவாக. "செலவு ஒண்ணும் பெரிசா ஆகாதே."

அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. "இந்தப் பிள்ளை எட்டு வருஷம் எழுதினா. அதுக்குச் செலவு பெரிசுன்னீங்க. உங்க ஒரு வரியை அடிக்கறதுக்கு மட்டும் செலவு பெரிசில்லையா? வேணும்னா அஞ்சாம் தேதி சபையில எழுந்து நின்னு கேளுங்க. எனக்கு இந்தப் பிரிவு வேணும்னு ரெண்டாவது தடவையா கேளுங்க. ஆனா நீங்க கேட்டதை எழுதி வைக்க அங்க யாரும் இருக்க மாட்டோம். மறுநாளே, நான் கேக்கலைன்னு சொல்லிடுவீங்க."

சிகாமணி அந்தப் பக்கங்களை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்தார், இறங்கிப்போனார்.

"அக்கா, விரல்" என்றாள் புதுசு.

அவள் குனிந்து பார்த்தாள். வலது ஆள்காட்டி விரல் இன்னும் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் உள்ளே வந்ததிலிருந்து பேசியதையெல்லாம், தான் பேசியதையும் சேர்த்து, ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தது. மேசைமேல் ஒரு சொல்லும் பதிந்திருக்கவில்லை.